வெள்ளையடித்த சாம்பிள்

மென்பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தங்கம் தயாரித்த மதிப்பெண் தாளில் நாற்பத்தொரு கேள்விகள் இருந்தன. ஒரே நேரத்தில் எத்தனை பேர் வேலை செய்யலாம், நேற்றைய பதிப்பை மீட்க முடியுமா, ஜெர்மன் மொழிபெயர்ப்பைப் பக்கத்திலேயே காட்டுமா, கோளாறு வந்தால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார் என்று எல்லாமே அதில் இருந்தது. கடைசிக் கேள்வியை அவரே யோசித்துச் சேர்த்திருந்தார்: வாடிக்கையாளரிடம் காட்டும் மரியாதை. அதற்கு ஐந்து மதிப்பெண்.

2006 ஜூனில், ஹைதராபாத் நாச்சாரத்தில் ஒரு நிறுவனத்தின் இரண்டாம் மாடியில், ஏழு பேருடைய வேலை அந்தத் தாளை நம்பி இருந்தது. ஏழு பேரில் தங்கமும் ஒருவர். அவர்களுக்குத் தலைவியும் அவரே.

அப்போது அவருக்கு நாற்பத்தேழு வயது. பிறந்தது லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பா ஒர்க்‌ஷாப்பில் ஸ்டோர்ஸ் கிளார்க். வேலூர்ப் பக்கத்திலிருந்து தாத்தா காலத்தில் வந்த குடும்பம். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, கடையில் உருது. பேச வாயைத் திறந்தால் மூன்றும் கலந்து வரும். எழுத உட்கார்ந்தால் மட்டும் ஆங்கிலம், அதுவும் ஒரு கமா பிசகாத ஆங்கிலம்.

ஜெனரல் மேனேஜர் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறார் என்றால் லாலாகுடாவில் இரண்டு நாள் முன்பே வேலை தொடங்கிவிடும். பாதையோரக் கற்களுக்குச் சுண்ணாம்பு, மரங்களின் அடிப்பாகத்துக்குச் சுண்ணாம்பு, உடைந்த பெஞ்சு குடோனுக்குப் பின்னால். வருகிறவர் பத்து நிமிடம் பார்த்துவிட்டுப் போய்விடுவார். அதை ஏமாற்று என்று அங்கே யாரும் நினைத்ததில்லை. வருகிறவருக்குக் காட்டும் மரியாதை, அவ்வளவுதான். தங்கமும் சிறுமியாக இருந்தபோது ஒரு டப்பாவையும் பிரஷ்ஷையும் வைத்துக்கொண்டு அந்தக் கற்களுக்கு வெள்ளையடித்திருக்கிறார்.

படிப்பு முடிந்து குஷாய்குடா பக்கம் அரசு மின்னணு ஆலையில் சேர்ந்தார். இருபது வருடம் எந்திரங்களுக்குக் கையேடு எழுதினார். விருப்ப ஓய்வு வாங்கிய ஆறாவது மாதம் நாச்சாரத்தில் வேலை கிடைத்தது. ரத்தம் பரிசோதிக்கும் எந்திரங்களைச் செய்கிற நிறுவனம்; தலைமை அலுவலகம் ஐரோப்பாவில். எந்திரத்தை எப்படி ஓட்டுவது, எப்படிப் பழுது பார்ப்பது, எதைத் தொடக்கூடாது என்று சொல்கிற நாற்பத்தாறு கையேடுகள் தங்கத்தின் பொறுப்பில் இருந்தன.

எந்திரத்தின் ஊசியைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவற்றில் முப்பத்தெட்டு இடங்களில் வந்தது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு முப்பது விநாடி காத்திருந்து மூடியைத் திறக்க வேண்டும் என்பது அந்த எச்சரிக்கை. அது அறுபது விநாடி என்று மாறியபோது முப்பத்தேழு இடங்களில் திருத்தினார்கள். விட்டுப்போன ஒன்றை விஜயவாடாவில் ஒரு பரிசோதனைக் கூடத்துப் பெண் படித்தார். முப்பது விநாடியில் திறந்தார். ஊசி இறங்கி விரலைத் துளைத்தது. அதற்கு முன் அந்த ஊசியில் யாருடைய ரத்தம் இருந்ததோ. ஆறு மாதம் அந்தப் பெண் தன் ரத்தத்தைத் தானே சோதித்துப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். நல்லவேளையாக ஒன்றும் வரவில்லை.

அதன் பிறகு தலைமை அலுவலகம் ஒரு முடிவு எடுத்தது. இனிமேல் கையேட்டை முழுப் புத்தகமாக எழுதக் கூடாது. துண்டு துண்டாக எழுத வேண்டும். இது எச்சரிக்கை, இது செய்முறைப் படி, இது உதிரி பாகத்தின் எண் என்று ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர்ச்சீட்டு இருக்கும். எச்சரிக்கை ஒரே இடத்தில் கிடக்கும். எல்லாக் கையேடுகளும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். ஓரிடத்தில் மாற்றினால் முப்பத்தெட்டு இடங்களிலும் மாறும். இந்தத் துண்டுகளைச் சேமித்து, யார் எப்போது தொட்டார்கள் என்று குறித்துவைத்து, கேட்கும்போது புத்தகமாகக் கோத்துத் தருகிற மென்பொருளுக்கு கன்டென்ட் மேனேஜ்மென்ட் சிஸ்டம் என்று பெயர். அலுவலகத்தில் சுருக்கமாக சி.எம்.எஸ்.

சந்தையில் இருப்பதில் ஒன்றை ஹைதராபாத் குழுவே தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். மறு வருடம் மார்ச் முப்பத்தொன்றுக்குள் நாற்பத்தாறு கையேடுகளும் அதற்குள் போயிருக்க வேண்டும். போகாவிட்டால் புனே கிளையில் இருக்கிற குழு வேலையை எடுத்துக்கொள்ளும். இதைக் கிளைத் தலைவர் பாலசுப்ரமணியன் ஏழு பேரையும் நிற்கவைத்தே சொன்னார். உட்காரச் சொல்லியிருந்தால் செய்தி இன்னும் மோசமாக இருந்திருக்கும் என்று பிறகு யூசுப் சொன்னார்.

முகமது யூசுப் மேலப்பாளையத்துக்காரர், முப்பது வயது. எழுதுகிறவர் இல்லை, எழுதுகிறவர்களுக்கு வேண்டிய சின்னச் சின்ன நிரல்களைச் செய்துதருகிறவர். மெட்டுகுடாவில் தங்கத்தின் வீட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளி வாடகைக்கு இருந்தார். மனைவி சபீனா தார்நாகாவில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. காலையில் தங்கமும் யூசுப்பும் ஒரே பஸ்ஸில் போவார்கள். அலுவலகத்தில் எல்லாருக்கும் தங்கம் மேடம். யூசுப்புக்கு மட்டும் அக்கா. நோன்பு மாதத்தில் சபீனா கொடுத்தனுப்பும் கஞ்சி தங்கத்தின் வீட்டில் தூக்குச்சட்டியோடு அடுப்பு மேடையில் இருக்கும்.

விற்கிறவர்களில் மூன்று பேரைத் தங்கம் கடைசிச் சுற்றுக்கு எடுத்தார். மூவருக்கும் ஒரே கையேட்டைச் சாம்பிளாகக் கொடுப்பது, அதைத் தங்கள் மென்பொருளில் ஏற்றி வந்து காட்டச் சொல்வது என்று திட்டம். நியாயமான திட்டம்தான். எந்தக் கையேட்டைக் கொடுப்பது என்பதில்தான் பேச்சு வந்தது.

தங்கம் பம்ப் பராமரிப்புக் கையேட்டை எடுத்தார். நூற்றுப் பன்னிரண்டு பக்கம். திறந்து பார்த்தால் அதுவும் மற்றவை போலத்தான் இருந்தது. தலைப்பு என்பது எழுத்தைப் பெரிதாக்கியதுதான். எச்சரிக்கை என்பது வெறும் சிவப்பு மையில் தடித்த எழுத்து. அட்டவணைக்குக் கோடே இல்லை, டேப் விசையைத் தட்டித் தட்டி வரிசை சேர்த்திருந்தது. படத்தின் மேல் அம்புக்குறி ஒட்டாமல் மிதந்தது. ஒரு வரி கூடினால் அது போய் வேறு பாகத்தைக் காட்டும். அச்சில் பார்த்தால் அழகு, உள்ளே பார்த்தால் ஒட்டுத்துணி. வருடக்கணக்கில், பல கைகளில், அவசரத்தில் எழுதியதெல்லாம் அப்படித்தான் இருக்கும். தங்கம் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு உட்கார்ந்து அத்தனையையும் சரிசெய்யத் தொடங்கினார்.

யூசுப் வந்து பின்னால் நின்று பார்த்தார். "அக்கா, இதைச் சுத்தம் பண்ணிக் கொடுத்தா மூணு பேரும் பாஸாயிருவாங்க. எவன் உதவமாட்டான்னு அப்புறம் எப்படிக் கண்டுபிடிக்க?"

"கைக்குய்யா, எதுக்கு நம்ம அழுக்கை அடுத்தவன்கிட்ட காட்டணும்?"

"பின்ன, மத்த நாப்பத்தஞ்சும் அழுக்காத்தானே இருக்கு."

"அது நமக்குத் தெரியும். அவனுக்கு எதுக்குத் தெரியணும்? பொண்ணு பாக்க வர்றப்ப கிழிஞ்ச பாவாடையோட கொண்டாந்து நிறுத்துவாங்களா? நக்கோ, வேணாம் யூசுப், போய் உன் வேலையைப் பாரு."

அவர் போய்விட்டார். சுத்தம் செய்ய ஒரு வாரம் ஆனது. சாம்பிள் பளபளவென்று மூன்று சி.டி.க்களில் போனது.

முதலில் வந்தவர்கள் வெளிநாட்டு நிறுவனத்தின் ஆட்கள். இரண்டாவதாக பெங்களூரிலிருந்து நான்கு பேர் டை கட்டிக்கொண்டு வந்தார்கள். சாம்பிள் இரு தரப்பின் மென்பொருளிலும் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல இறங்கியது. எச்சரிக்கையை ஓரிடத்தில் மாற்றினார்கள். சாம்பிளில் அது வருகிற ஒன்பது இடத்திலும் திரையில் மாறியது. தங்கத்துக்கு விஜயவாடாப் பெண் நினைவுக்கு வந்தார். கண் கலங்கியது என்று அன்று பஸ்ஸில் யூசுப்பிடம் சொன்னார். அதில் பொய் இல்லை. அந்த விரலை அவர் ஒரு நாளும் மறக்கவில்லை.

மூன்றாவது ஆள் சென்னையிலிருந்து தனியாக வந்தார். பெயர் இளங்கோவன். ஆறு பேர் வேலை செய்கிற சின்ன நிறுவனம். காலையில் ரயிலில் இறங்கி, நேரே வந்திருந்தார், சட்டை கசங்கியிருந்தது. மென்பொருளின் திரை அசிங்கமாக இருந்தது, எங்கே பார்த்தாலும் சாம்பல் நிறம். சாம்பிளை ஏற்றிக் காட்டினார். பிறகு சி.டி.யைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். இது ரொம்ப நல்லா இருக்கு. நான் இதுவரைக்கும் இப்படி ஒரு கையேட்டைப் பார்த்ததே இல்லை. உங்ககிட்ட இருக்கறதுலயே மோசமான ஃபைல் ஒண்ணு குடுங்களேன்."

அறையில் பாலசுப்ரமணியன் இருந்தார். யூசுப் உட்பட ஆறு பேரும் இருந்தார்கள். தங்கம் எங்களிடம் மோசமான ஃபைல் எதுவும் கிடையாது என்று ஆங்கிலத்தில் சொன்னார். இளங்கோவன் விடவில்லை. எல்லாரிடமும் இருக்கும் மேடம், அதைப் பார்க்காமல் நான் எத்தனை நாளில் முடியும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றார். யூசுப் தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பை அடக்கினாரா என்பது தெரியாது. அடக்கினார் என்று தங்கத்துக்குப் பட்டது.

அன்று மாலை நாற்பத்தொன்றாவது கேள்விக்கு இளங்கோவனுக்கு ஐந்துக்கு ஒன்று விழுந்தது. மற்ற கேள்விகளில் அவர்தான் மூன்று மதிப்பெண் முன்னால் இருந்தார். மரியாதைக்கு ஐந்தும் வாங்கிய பெங்களூர் நிறுவனம் ஒரு மதிப்பெண்ணில் வென்றது.

அக்டோபரில் கையேடுகளை ஏற்றும் உண்மையான வேலை தொடங்கியது. வேர்ட் கோப்புகளில் இருந்ததைத் துண்டுகளாக வெட்டிப் பெயர்ச்சீட்டு ஒட்டுகிற ஸ்கிரிப்ட்டை, அதாவது நிரலை, யூசுப் எழுதினார். சாம்பிளை வைத்துத்தான் எழுதச் சொல்லித் தங்கத்தின் உத்தரவு, அதனால் சாம்பிளில் இருந்ததை எல்லாம் அது அழகாகப் பிடித்தது. முதல் கையேடு உள்ளே போனது. வெளியே வந்தபோது அதில் ஓர் எச்சரிக்கைகூட எச்சரிக்கையாக இல்லை. சிவப்பு மையை நிரலுக்குத் தெரியாது. எல்லாமே சாதாரணப் பத்தியாகக் கலந்து கிடந்தன. அட்டவணைகள் குலைந்து ஒரே வரியாக ஓடின. பன்னிரண்டாவது படிக்குப் பிறகு மறுபடி ஒன்றாவது படி. அடுத்த கையேடு இன்னும் மோசம். நாற்பத்தைந்தையும் ஏற்றி முடித்தபோது மென்பொருள் காட்டிய பிழைகள் ஒன்பதாயிரத்தைத் தாண்டின.

பெங்களூர்க்காரர்களில் இந்த முறை ஒருவர்தான் வந்தார், டை இல்லை. நீங்கள் கொடுத்த சாம்பிளைப் பார்த்துத்தான் எங்கள் மென்பொருள் போதும் என்று சொன்னோம், ஒப்பந்தத்திலும் அப்படித்தான் இருக்கிறது என்று பக்க எண்ணைக் காட்டினார். இளங்கோவனின் சாம்பல் நிறத் திரை, பெயர்ச்சீட்டு இல்லாத பத்தியை ஒதுக்கிவைத்து, இது என்ன என்று ஆளிடம் கேட்கும் வகையைச் சேர்ந்தது. பெங்களூர் மென்பொருள் எதையும் கேட்பதில்லை, விழுங்கிவிடும். இந்த வித்தியாசம் மோசமான ஃபைலில்தான் தெரியும்.

நவம்பர் கடைசியில் விசாரணைக் கூட்டம். மேசை நடுவில் இருந்த போனில் தலைமை அலுவலகத்தின் ஒரு பெண் கேட்டுக்கொண்டிருந்தார். பாலசுப்ரமணியன் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்.

"டெமோல எல்லாம் ஒழுங்கா ஓடித்தே. இப்ப மட்டும் ஏன் ஓடலை? நடுவுல என்ன மாறினது, தங்கம்?"

பதில் ஒரு வாக்கியம்தான். சாம்பிளை நாங்கள் கையால் சுத்தம் செய்து கொடுத்தோம். அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்களில் நான்கு பேருக்கு அது தெரியும். சொல்ல வேண்டியவர் ஒருவர்தான். தங்கம் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்தார், மூடினார்.

"டெமோக்கு அப்புறம் புதுசா வந்தது ஸ்கிரிப்ட் ஒண்ணுதான் சார்" என்றார்.

"யார் எழுதினது?"

"யூசுப்."

யூசுப் அவரைப் பார்த்தார். சாம்பிளைப் பற்றி அவரே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அக்கா சொல்வார் என்று அவர் கடைசிவரை காத்திருந்ததாகவும், கூட்டம் முடிந்துவிட்டதாகவும் சபீனா பிறகு பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னார்.

மறுநாளிலிருந்து யூசுப் முந்தைய பஸ்ஸில் போனார். ஜனவரியில் அவருடைய ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. வேலைத்தரம் போதவில்லை என்று கடிதத்தில் ஒரு வரி. அந்த வரியை வைத்துக்கொண்டு நகரத்தில் வேலை தேடுவது எப்படி என்று தெரியாமல் அவர் ஊருக்கே போய்விட்டார். சபீனா பள்ளியாண்டு முடியும்வரை தனியாக இருந்தார். அந்த மூன்று மாதமும் தங்கம் கடைத்தெருவுக்கு வேறு சந்து வழியாகப் போனார். தூக்குச்சட்டி ஒன்று அவர் வீட்டிலேயே தங்கிவிட்டது. திருப்பிக் கொடுக்கப் போனால் கதவைத் தட்ட வேண்டும்.

மீதி ஆறு பேரும் பக்கம் பக்கமாகக் கையால் சுத்தம் செய்தார்கள். பம்ப் கையேட்டுக்கு ஒரு வாரம் ஆனதை வைத்துத் தங்கம் ஜூனிலேயே ஒரு பெருக்கல் போட்டிருந்தால் போதும், இந்த வேலைக்கு எத்தனை மாதம் வேண்டும் என்று தெரிந்திருக்கும். இளங்கோவன் கேட்டது அந்தக் கணக்கைத்தான். ஞாயிற்றுக்கிழமைகளும் போயின. மார்ச் முப்பத்தொன்று அன்று இருபத்தொன்பது கையேடுகள் உள்ளே இருந்தன, பதினேழு வெளியே. ஏப்ரலில் வேலை புனேக்குப் போனது. பாலசுப்ரமணியன் இந்த முறை எல்லாரையும் உட்காரச் சொன்னார்.

தங்கத்தின் கணவர் ரயில்வேயில் கார்டு; பாதி நாள் வண்டியோடு போய்விடுகிறவர். நடந்ததை அவரிடம் தங்கம் ஒரு தடவை சொன்னார். நீ சொன்னது உண்மைதானே, ஸ்கிரிப்ட் அவன் எழுதினதுதானே என்றார் அவர். ஹவ், உண்மைதான் என்றார் தங்கம். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இரண்டு வருடம் வீட்டிலிருந்தபடி சில்லறை வேலைகள் செய்தார். 2009இல் இளங்கோவனின் நிறுவனம் ஹைதராபாத்தில் கிளை திறந்தது. ஆறு பேர் அறுபது பேராகியிருந்தார்கள். தங்கம் விண்ணப்பம் போட்டார். ஞாபகம் இருக்காது என்று நினைத்தார். இளங்கோவன் அலமாரியிலிருந்து பழைய மதிப்பெண் தாளின் நகலை எடுத்து மேசையில் வைத்தார். தோற்ற நிறுவனங்களுக்குத் தாளின் நகலை அனுப்புவது நாச்சாரத்து நிறுவனத்தின் வழக்கம். தங்கமே கையெழுத்துப் போட்டு அனுப்பியது.

"மரியாதைக்கு ஒரு மார்க் போட்டிருக்கீங்க. அந்த ஒண்ணு எதுக்குன்னு ரொம்ப நாளா யோசிச்சேன் மேடம்."

இளங்கோவன் சிரித்தார், வேலையும் கொடுத்தார். வாடிக்கையாளர்களிடம் போய் அவர்களுடைய மோசமான ஃபைலை வாங்கி வரும் வேலை. உங்களைவிட யாருக்கும் அவர்கள் மனசு தெரியாது என்றார். அது பாராட்டா தண்டனையா என்று தங்கம் கேட்கவில்லை.

கேட்கிற இடத்தில் எல்லாம் ஒரே முகங்கள்தான். எங்களிடம் அப்படி எதுவும் இல்லையே என்பார்கள். ஒரு வாரம் கழித்துத் தருவது துடைத்து வைத்ததாக இருக்கும். தங்கம் முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். அதற்காகவே அவர் ஒரு தாள் தயார் செய்தார். கீழே ஒரு வரி: சாம்பிளாகத் தரும் இந்தக் கோப்பை இதற்காக யாரும் திருத்தவில்லை. அதன் கீழே தருகிறவரின் பெயர், கையெழுத்து, தேதி. கையெழுத்து என்றதும் பாதிப் பேர் முறைப்பார்கள்.

2012 ஆகஸ்டில் மாதாப்பூரில் ஒரு நிறுவனத்துக்குப் போனார். கூட்ட அறையில் உட்கார்ந்திருந்தபோது கதவைத் திறந்துகொண்டு வந்தவர் யூசுப். கண்ணாடி போட்டிருந்தார், தாடியில் ஒன்றிரண்டு நரை. இந்த நிறுவனத்தில் ஆவணப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். ஊரில் இரண்டு வருடம் செல்போன் கடையில் இருந்துவிட்டு மறுபடி கீழிருந்து ஏறி வந்தவர் என்பது தங்கத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

"உக்காருங்க, மேடம்" என்றார்.

தான் எழுந்து நின்றிருப்பது அப்போதுதான் தங்கத்துக்கே தெரிந்தது. உட்கார்ந்தார். கேட்க வேண்டியதைக் கேட்பதற்குள் யூசுப் சட்டைப்பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து மேசையில் வைத்தார். எங்களிடம் இருப்பதிலேயே மோசமானது இதுதான், முந்நூறு பக்கம், யாரும் கை வைக்கவில்லை என்றார். தங்கம் தாளை நீட்டினார். அவர் கடைசி வரிவரைக்கும் நிதானமாகப் படித்தார்.

"இந்த வரியைச் சேர்த்தது யாரு?"

"நான்தான்."

அவர் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டு, தேதி எழுதி, தாளைத் திருப்பித் தள்ளினார். தங்கம் அதை எடுக்கவில்லை.

"யூசுப், அன்னைக்கு மீட்டிங்ல நான் சொன்னது..."

"நீங்க பொய் ஒண்ணும் சொல்லலியே, மேடம். ஸ்கிரிப்ட் நான்தானே எழுதினேன்."

சொல்லிவிட்டு எழுந்தார். அடுத்த கூட்டம் இருக்கிறது, டீ அனுப்பச் சொல்கிறேன் என்றார். சபீனா எப்படி இருக்கிறாள் என்று தங்கம் கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்று கதவருகே நின்று சொல்லிவிட்டுப் போனார்.

டீ வந்தது. ஒரே ஒரு கப். தங்கம் அதைக் குடித்து முடித்து, தாளை மடித்துப் பையில் வைத்து, பென் டிரைவை மடிக்கணினியில் செருகிப் பார்த்தார். சிவப்பு மை, டேப் தட்டிய அட்டவணை, மிதக்கிற அம்புகள். முந்நூறு பக்கமும் யூசுப் சொன்னபடியே இருந்தது. ஒரு கமாகூடத் திருத்தப்படவில்லை.